குமட்டலை வெட்டுகிறவள்

காலை ஒன்பது மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். இதை அந்தக் கட்டடத்தில் யாரும் எழுதி ஒட்டவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த புதியவர்கள் முதல் நாளே தெரிந்துகொண்டார்கள். இரண்டாம் மாடிக் கூடத்தில் இருபத்திரண்டு இருக்கைகள் இருந்தன. ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும் ஒரு கைகழுவும் தொட்டி, அதன் மேல் ஒரு டப்பாவில் சுக்குத் துண்டுகள். சுக்கை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது.

சம்யுக்தா எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவாள். முடியைக் கொண்டையாகப் போட்டு, கழுத்திலிருந்து தொப்புள் வரை இறுகப் பிடிக்கும் சாம்பல் நிற மெய்யுறையை அணிந்துகொண்டு இருக்கையில் சாய்வாள். எதிரே திரை கிடையாது. காதில் ஒலி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலைப் பொத்தானின் மேல் வைத்துக் காத்திருந்தால் போதும்.

முதலில் நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறும். பிறகு தொண்டை தானாகவே மூடிக்கொள்ளும். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மேல்நோக்கி உந்தும். தோலில் ஈரமான ஏதோ ஊர்வது போலிருக்கும். துடைக்கக் கை போகும். அது தொடங்கும் நொடியில் ஒரு முறையும் அடங்கும் நொடியில் ஒரு முறையும் அவள் பொத்தானை அழுத்த வேண்டும். இடைப்பட்ட பகுதியை இயந்திரம் வெட்டி எடுத்துவிடும். திரும்பவும் ஓட்டிப் பார்ப்பாள். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இருக்காது. பெருக்கித் துடைத்த தரை போல இருக்கும். அடுத்த பதிவு வரும்.

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது.

திருப்பூரில் பனியன் தொழில் நின்றுபோய் இருபது வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த கம்பெனிக் கட்டடங்களை உணர்பட நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. உணர்படத்தை யாரும் பார்ப்பதில்லை, உடுத்துவார்கள். நடிக்கிறவரின் உடம்பு உணர்ந்த ஒவ்வொன்றையும் உடுத்தியவரின் உடம்பும் உணரும். முதலில் மலையேற்றம், கடல் நீச்சல் என்று விற்றார்கள். இரண்டே வருடத்தில் படுக்கையறைப் படங்கள்தான் முக்கால்வாசி வியாபாரம் என்றானது.

அப்போதுதான் சட்டம் வந்தது. நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வெளியிடப்படும் எந்தப் படத்திலும் நடிகரின் வெறுப்பளவு மூன்றைத் தாண்டக்கூடாது. வாய் சம்மதித்து உடம்பு மறுத்தால் அந்தப் படம் செல்லாது. இனி யாரையும் மிரட்டியோ ஏமாற்றியோ நடிக்க வைக்க முடியாது, உடம்பே சாட்சி சொல்லிவிடும் என்று செய்திகளில் பேசினார்கள்.

'வெளியிடப்படும் படத்தில்' என்ற சொற்களை நிறுவனங்களின் வக்கீல்கள் பிடித்துக்கொண்டார்கள். எடுக்கப்படும் பதிவைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆறே மாதத்தில் எல்லாக் கட்டடங்களிலும் தூய்மைப் பிரிவு என்று ஒன்று முளைத்தது. கூச்சத்துக்கும் குமட்டலுக்கும் உள்ள வித்தியாசம் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு உடம்பு வேண்டியிருந்தது.

சம்யுக்தா அந்த வேலைக்கு வந்து ஐந்து வருடம். வெளியில் கேட்டவர்களுக்குத் தரக் கட்டுப்பாடு என்று சொல்லி வைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேறொன்று வைத்திருந்தாள். ஐந்து வருடத்தில் அவள் ஒரு காட்சியைக்கூடப் பார்த்ததில்லை. ஒருவரைக்கூடத் தொட்டதில்லை. படம் எடுக்கும் நாலாம் மாடியில் என்ன நடக்கிறதோ அதற்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழுத் தளம் இருந்தது.

நடிகர்கள் அவளுக்கு எண்களாகத்தான் வந்தார்கள். ஆனாலும் சிலரை அடையாளம் தெரிந்தது. 614 என்ற பெண்ணுக்குக் குமட்டல் எப்போதும் இடக் கழுத்தில்தான் தொடங்கும். எறும்பு வரிசை ஏறுவது போல ஏறும். உடனே அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு வரை எண்ணுவாள். எண்ணுவது சம்யுக்தாவின் விலாவில் சிறு துடிப்புகளாகத் தெரியும். ஏழுக்குப் பிறகு மூச்சு விடுவாள். அப்போது குமட்டல் இரண்டு மடங்காக வரும். 614-இன் பதிவு வரும் நாட்களில் சம்யுக்தா சுக்கை முன்கூட்டியே வாயில் போட்டுக்கொள்வாள்.

614 வந்த மூன்றாவது வருடத்தில் அது குறையத் தொடங்கியது. எறும்பு வரிசை மெலிந்தது. எண்ணிக்கை ஐந்தில் நின்றது, பிறகு மூன்றில். ஒரு நாள் முழுப் பதிவையும் ஓட்டியும் விரல் ஒரு முறைகூட அசையவில்லை. பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று சம்யுக்தா நினைத்தாள். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் நாலாம் மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, அங்கிருந்தவர்களை மதியம் இரண்டாம் மாடிக் கேன்டீனுக்கு அனுப்பினார்கள். சம்யுக்தா தட்டோடு உள்ளே போனபோது, ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அந்த மேசையில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்து டிபன் பாக்ஸிலிருந்து மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இருக்கைகள் காலியாகக் கிடந்த காரணம் கிட்டே போனதும் புரிந்தது. குழம்பு கெட்டு நுரைத்திருந்தது. அழுகிய நாற்றம் மூக்கில் அறைந்தது.

"ஏனுங்க, அதைச் சாப்பிடாதீங்க. கெட்டுப் போச்சுங்க" என்றாள் சம்யுக்தா.

அந்தப் பெண் கையில் உருட்டிய கவளத்தோடு நிமிர்ந்தாள். "கெட்டுட்டா யக்கா? முந்தா நாள் வச்சது."

"வாடை வரலீங்களா?"

அவள் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "வருது. வாடை வருதுன்னு தெரியுது. ஆனா மோசமான வாடைன்னு தோண மாட்டேங்குது." டப்பாவைக் கீழே வைத்தாள். "எங்கப்பா தூத்துக்குடியில மீன் ஏலம் எடுக்கவரு. செவுளத் தொறக்காமலே, இது நேத்து மீனு, இது முந்தா நாள் மீனுன்னு சொல்லிருவேன் யக்கா. இப்ப பாருங்க."

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெசிந்தா என்ற பெயரும் கீழே 614 என்ற எண்ணும் இருந்தன.

சம்யுக்தா அந்த எண்ணை மறுபடியும் படித்தாள். இந்த உடம்பை அவளுக்குத் தெரியும். இதன் இடக் கழுத்தைத் தெரியும், மூச்சைப் பிடிக்கும் விதம் தெரியும். முகத்தைத்தான் முதல் முறையாகப் பார்க்கிறாள். எதிரே உட்கார்ந்து தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?"

"ஒரு வருசமாத்தான். ரெண்டு தடவ வயித்தால போயி ஆஸ்பத்திரில கெடந்தேன். ஆனா அதக்கூட விடுங்க யக்கா. போன மாசம் பஸ்ல ஒருத்தன் இடுப்புல கைய வச்சான். வச்சிருக்கான்னு தெரியுது. தப்புன்னும் மனசு சொல்லுது. ஒடம்பு மட்டும் பேசாம இருக்கு. தட்டிவிடணும்னே தோணல. எறங்கிப் பாதி தூரம் நடந்த பொறவுதான், ஐயோ இப்படி மரக்கட்ட மாரி இருந்துட்டமேன்னு அழுதேன்."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"கம்பெனி டாக்டரு நல்லதுதானேங்காவ. ஷூட் முடிஞ்சதும் ஆறவைக்காவள்லா, அதனால நரம்பு அமைதியா இருக்குன்னாவ."

"ஆறவைக்கிறதுன்னா?"

"தெரியாதா? அர மணி நேரம் உறையப் போட்டுப் படுக்க வைப்பாவ. நாம நடிச்சதையே திருப்பி ஓட்டுவாவ. ஆனா அதுல ஒரு சங்கடமும் இருக்காது. சொகமா இருக்கும். எந்திரிக்கும்போது அப்படித்தான் நடந்துச்சுன்னு ஒடம்பு நம்பிரும்." அவள் தண்ணீர் குடித்தாள். "நான் விரும்பித்தான் வந்தேன் யக்கா. யாரும் இழுத்துட்டு வரல. பிடிக்கலன்னா அன்னைக்கே நிறுத்திரலாம்னு எழுதியே குடுத்தாவ. அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப பிடிக்குதா பிடிக்கலயான்னு எங்கிட்டயே கேட்டா எனக்கே தெரியல. நீங்க என்ன வேல பாக்கீங்க?"

"தரக் கட்டுப்பாடு" என்றாள் சம்யுக்தா.

அன்று மதியம் அவள் எதையும் சாப்பிடவில்லை. தான் துடைத்துக் கொடுத்த பதிவுகள் எங்கோ முகம் தெரியாத வாடிக்கையாளர்களுக்குப் போகின்றன என்று நினைத்திருந்தாள். முதலில் போனது அந்தப் பெண்ணின் உடம்புக்கே. அவளை அவளிடமிருந்தே துடைத்து எடுத்திருக்கிறார்கள். துடைத்த கை இவளுடையது.

மறுநாள் மேனேஜர் கௌசிக்கின் அறைக்குப் போனாள். அவர் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சம்யுக்தா, உக்காருங்க. ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

அவள் ஆறவைத்தலைப் பற்றிக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"அவங்க கஷ்டத்தைக் குறைக்கிறோமுங்க. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கிற டாக்டரை யாராச்சும் தப்புச் சொல்லுவாங்களா? ராத்திரி தூக்கம் வரலீன்னு அழுதவங்க இப்ப நல்லாத் தூங்கறாங்க."

"கெட்டுப் போன குழம்பைச் சாப்பிடறாங்க சார். 614-ங்கிறவங்களுக்கு அருவருப்புன்னா என்னன்னே தெரியல. பதிவுல ஒண்ணுமே மிச்சமில்லீங்க."

கௌசிக் பெருமூச்சு விட்டார். "அதான் எனக்கும் கவலையா இருக்குதுங்க. போன வருஷம் வரைக்கும் 614-ஓட கழிவுக்குத்தான் நல்ல கிராக்கி இருந்துச்சு."

சம்யுக்தாவுக்கு முதலில் புரியவில்லை. "வெட்டி எடுக்கிற கழிவுக்குங்களா? அதைத்தான் அழிச்சிடறோமுங்களே."

"யார் சொன்னாங்க? தனியா எடுத்து வெச்சிருக்கோம். படத்தைவிட அதுக்கு மதிப்பு அதிகமுங்க." மழை வருமா என்று பேசுகிற குரலில்தான் சொன்னார். "கொஞ்சப் பேருக்கு சுத்தம் பண்ணின படம் ருசிக்கிறதில்லை. இன்னொருத்தருக்குப் பிடிக்காம நடக்குதுங்கிறதை, அந்தப் பிடிக்காததை மட்டும் தனியா உடுத்திப் பாக்கணும்கிறாங்க. வெளிநாட்டு ஆளுங்கதான்னு நினைச்சிராதீங்க, இங்கேயும் இருக்காங்க. 614-க்கு மூணு மாசம் ஆறவைக்கிறதை நிறுத்தி வெக்கலாம்னு இருக்கேன். கிணறு மாதிரிதானுங்க. எறைக்காம விட்டா மறுபடி ஊறும்."

இத்தனை வருடமும் மற்றவர்களின் குமட்டலை உணர்ந்தவளுக்கு அன்று தன்னுடையது வந்தது. அது தொண்டையில் தொடங்கவில்லை, விரல் நுனியில் தொடங்கியது. பொத்தானை அழுத்தும் அந்த ஒரு விரல். அதை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். தான் சாக்கடை அள்ளுவதாக நினைத்திருந்தாள். இவர்கள் அதைப் பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவன் ஏதோ ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெசிந்தா ஏழு வரை எண்ணுவதை ரசித்துக்கொண்டிருக்கிறான்.

"கழிவைத் தரம் பிரிக்க ஒரு ஆள் தேவைப்படுதுங்க" என்றார் கௌசிக். "உங்க விரல் மாதிரி யாருக்கும் வராது. தனி அறை. ஷிப்ட் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. வேலையை விட்டுவிடலாம். விட்டால் அந்த இருக்கையில் வேறு யாராவது உட்காருவார்கள், கழிவு இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாம் நாள் போய், சரி என்றாள்.

தனி அறையில் முதல் வாரத்திலேயே 614-இன் வரிசையைக் கண்டுபிடித்தாள். மூன்று வருடத்தில் வெட்டிய அத்தனையும் தேதிவாரியாக இருந்தன. சேர்த்து ஓட்டினால் ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஒரு நினைவுத் துண்டில் ஏற்றி, சோதனைக்கு வைத்திருந்த பழைய மெய்யுறை ஒன்றையும் பையில் சுருட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஜெசிந்தாவின் அறையைத் தேடிப் போனாள்.

தொழிலாளர்களுக்கு என்று வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்று அது. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா கட்டிலில் இடம் ஒதுக்கிக் கொடுத்து, கறுப்புக் காப்பி போட்டுத் தந்தாள். சம்யுக்தா விஷயத்தைச் சொன்னாள். பதிவிலிருந்து எடுத்தது அழியவில்லை, விற்கப்படுகிறது, இதோ இருக்கிறது. வேண்டுமானால் திருப்பித் தரலாம். வேண்டாம் என்றால் இப்படியே எடுத்துக்கொண்டு போய், அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் ஒப்புதல் ஆணையத்தில் கொடுத்துவிடலாம்.

ஜெசிந்தா அந்த நினைவுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "வலிக்குமா?"

"வலிக்காதுங்க. குமட்டும். ரொம்பக் குமட்டும்."

"விக்காவன்னா, எவன் எவனோ போட்டுப் பாத்திருப்பான் என்ன?"

"ஆமாங்க."

"அதக் கேட்டும் எனக்கு ஒண்ணும் தோணல பாத்தீங்களா" என்றாள் ஜெசிந்தா. "குடுங்க. என்னோடதுதான அது."

அவளே உறையை மாட்டிக்கொண்டாள். சம்யுக்தா ஒரு வாளியை எடுத்துக் கட்டிலருகே வைத்தாள். முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் ஜெசிந்தா சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு இடது தோள் மெல்ல உயர்ந்து கழுத்தோடு ஒட்டியது. அவள் மூச்சைப் பிடித்தாள். உதடுகள் அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் மூச்சு உடைந்தது.

வாளியின் மேல் கவிழ்ந்தாள். காப்பி வந்தது, பிறகு மஞ்சளாக நீர் வந்தது, பிறகு ஒன்றும் வராமல் வெறும் ஓசை மட்டும் வந்தது. நிறுத்தவா என்று சம்யுக்தா கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு கட்டத்தில் தன் கையையே தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது யாருடையதோ என்பது போலப் பார்த்தாள். இருபதாவது நிமிடத்தில் உறையைக் கிழிக்கிற மாதிரி கழற்றி எறிந்தாள்.

சம்யுக்தா ஒரு துணியை நனைத்து வந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

"கைய எடுங்க."

எடுத்தாள்.

ஜெசிந்தா வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கேன்டீனில் பார்த்த முகம் இல்லை அது. மூக்கும் உதடும் சுருங்கி இறுகியிருந்தன. "இது தன்னால வெட்டுப்படாதுல்லா? யாரு எடுத்தது இத?"

"நான்தானுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் நான்தான். 614 எனக்குத்தான் வரும்."

"அப்ப ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த ஒலகத்துல உங்க ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியுமுங்க."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு எடுத்திருக்கீங்க."

"அவங்க உங்களுக்கே திருப்பிப் போடறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்ல." சொல்லும்போதே அந்தச் சொற்கள் அவள் வாயில் புளித்தன.

"பாக்க வேற வேணுமா?" என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் உயரவில்லை. "இப்ப உள்ள வந்தப்பவே நாந்தான் எடுத்தேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு…"

"அப்ப அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

ஜெசிந்தா வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போய் ஊற்றிக் கழுவினாள். திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். "அந்த நினைவுத் துண்டக் கட்டில்லயே வச்சிட்டுப் போங்க. ஆணையத்துக்கு நான் போய்க்கிடுவேன்." சம்யுக்தா அவளைத் தாண்டி வெளியேறும்போது, முந்தானை தன் மேல் படாதபடி ஜெசிந்தா கதவோடு ஒண்டிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் கோயம்புத்தூரில் ஒப்புதல் ஆணையத்தின் விசாரணை தொடங்கியது. ஜெசிந்தாவோடு இன்னும் ஒன்பது பேர் புகார் கொடுத்திருந்தார்கள். நாலு பேர், ஆணையம் நிறுவனத்திலிருந்து கைப்பற்றிய தங்கள் கழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்கள். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள். எதிர்த்தரப்புப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர், பிறகு கௌசிக்கின் பெயர், அடுத்ததாக சம்யுக்தாவின் பெயர். ஜெசிந்தாவே சேர்க்கச் சொன்னதாக சம்யுக்தாவின் வக்கீல் சொன்னார். சாட்சியாக மட்டும் மாற்றிவிட மனுப் போடலாம், கழிவை வெளியே கொண்டுவந்தவர் நீங்கள்தானே, நிச்சயம் கேட்பார்கள் என்றார். சம்யுக்தா வேண்டாம் என்றாள்.

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கழிவின் ஒரு துண்டைத் தானே உடுத்திப் பார்த்திருந்தார் என்பது அவர் மேசையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் சம்யுக்தாவுக்குப் புரிந்தது.

"இதையெல்லாம் வெட்டினது யாரு?"

"நானுங்க."

"வெட்டும்போது இது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?"

வக்கீல் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. எண்களாகத்தான் வரும், மனிதர்கள் என்ற எண்ணமே இருக்காது என்று சொல்ல வேண்டும்.

"தெரியுமுங்க" என்றாள் சம்யுக்தா. "ஒரு பொண்ணுக்குப் பிடிக்கலைன்னு தெரியும். எந்த நொடியில இருந்து எந்த நொடி வரைக்கும் பிடிக்கலைன்னு தெரியும். அதைத் தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். சம்யுக்தா கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே குறுகிய தாழ்வாரம். சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் புகார்தாரர்கள் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெசிந்தா இருந்தாள். அருகில் இருந்தவள் ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து சம்யுக்தா பார்த்ததில்லை. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. மூக்கு லேசாகச் சுளித்தது. அவள் கால்கள் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

சம்யுக்தா தன் புடவையைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சுவரை ஒட்டியே நடந்து போனாள்.